பரவைக்கடலில் பழகி ஆற்றில் இறங்குவது எப்படி? யாழ்ப்பாணத்தவருக்கான கயாக் வழிகாட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் ஓடும், கோடையில் காய்ந்து கிடக்கும். தொண்டைமானாறும் உப்பாறும் கடல்நீரேரிகள். ஆகவே பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் தண்ணீரில் கயாக், அதாவது இருபக்க அலகுள்ள துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு, ஓட்ட விரும்புபவர் இங்கே பழகிக்கொண்டு வேறிடம் போக வேண்டும். வசதியான இடம் கேகாலை மாவட்டத்தில், களனி கங்கைக் கரையில் இருக்கும் கித்துல்கல.

எங்கள் பக்கத்துப் புதியவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தடுமாற்றம் ஒன்று உண்டு. பண்ணைக் கடலில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். கவிழ்ந்தால் எழும்பி நின்றுவிடலாம். அந்தப் பழக்கத்தோடு ஆற்றுக்குப் போனால், விழுந்த கணமே கால் தானாகத் தரையைத் தேடும். ஓடும் ஆற்றில் அதைப்போல ஆபத்தான செயல் வேறில்லை. கீழே உள்ள படிகளின் ஒழுங்கு பெரும்பாலும் அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான். முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

1. முதலில் காலத்தைக் கணக்குப் பாருங்கள்

தைப்பொங்கலுக்குப் பிறகு வாடைக்காற்று மெல்ல அடங்கும். மாசியும் பங்குனியும் கடல்நீரேரியில் பழக நல்ல காலம். சோளகம் எழும்பிவிட்டால் பிற்பகலில் படகை நேராக வைத்திருப்பதே பெரும்பாடாகிவிடும். காற்றோடு மல்லுக்கட்டுபவர் துடுப்பைத் தவறாகப் பிடிக்கத்தான் பழகுவார்.

கித்துல்கல ஈரவலயத்தில் இருக்கிறது. மே கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவமழையில் ஆறு பெருகும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அங்கே கடும் மழை விழும். எனவே முதல்முறை போகிறவர் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போவது நல்லது. தையில் நீச்சல் தடாகம், மாசி பங்குனியில் கடல்நீரேரி, சித்திரையில் ஆறு என்று வைத்துக்கொண்டால் இரண்டு இடத்துக் காலநிலையும் பொருந்திவரும்.

இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் பலர். ஓகஸ்ட் விடுமுறை கிடைத்தது என்று நேரே ஆற்றுக்குப் போவார்கள். ஆறு நிறைந்து ஓடும். ஒன்றும் கற்க முடியாமல், பயத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

2. தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

உடுப்போடும் சப்பாத்தோடும் ஐம்பது மீற்றர் நிற்காமல் நீந்த வேண்டும். நீச்சல் வராதவருக்கு உயிர்காப்பு அங்கி உதவும்தான், ஆனால் அது நீச்சலின் இடத்தை நிரப்பாது. அங்கி உங்களை மிதக்க வைக்கும், கரைக்குக் கொண்டுவராது.

தோள்மூட்டு எப்போதாவது விலகியிருந்தால் மருத்துவரிடம் கேட்டபின் மட்டும் இறங்குங்கள். கயாக்கில் அதிகம் அடிபடும் மூட்டு அதுதான். வலிப்பு வருபவருக்கு இது ஏற்ற விளையாட்டில்லை. மூக்குக் கண்ணாடி போடுபவர் அதைத் தலைக்குப் பின்னால் கட்டும் பட்டி ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஆட்கள். ஆற்றில் குறைந்தது மூன்று படகாவது சேர்ந்து போக வேண்டும். ஒருவர் விபத்தில் மாட்டினால் இன்னொருவர் உதவுவார், மூன்றாமவர் ஆட்களைக் கூப்பிடுவார். தனியே வருகிற ஆர்வக்காரரை நான் சேர்த்துக்கொள்வதுண்டு. தனியே ஓடப் போகிறேன் என்பவரோடு கதைத்துப் பயனில்லை.

3. சாமான்களை இந்த ஒழுங்கில் வாங்குங்கள்

எல்லோரும் முதலில் படகை வாங்கப் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் வாங்குங்கள். உங்கள் எடைக்கும் கால் நீளத்துக்கும் எது பொருந்தும் என்பது இரவல் படகில் சில தடவை இருந்து பார்த்த பிறகுதான் தெரியும்.

*உயிர்காப்பு அங்கி.* ஆற்றுக்கு ஏற்றது நுரைத்தகடு வைத்த, தோள் அசைவுக்கு இடம்விடும் குட்டையான அங்கி. குறைந்தது 50 நியூட்டன் மிதப்பு வேண்டும். ISO என்று நீங்கள் கேள்விப்படும் தரங்களில் இதற்குரியது 12402-5. மீன்பிடிப் படகில் வைக்கும் கழுத்துப்பட்டை வைத்த பெரிய செம்மஞ்சள் அங்கியைப் போட்டால் துடுப்புச் சுழற்ற ஏலாது. காற்றடைத்து ஊதும் வகையும் வேண்டாம், பாறையில் உரசினால் கிழியும். அணிந்து பட்டிகளை இறுக்கியபின் நண்பரை இரு தோளிலும் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். அங்கி உங்கள் நாடிக்கு மேலே ஏறினால் அளவு பிழை.

*தலைக்கவசம்.* நெற்றி, கன்னப்பொறி, பிடரி மூன்றையும் மூட வேண்டும். நுரைநீர் விளையாட்டுக்கான ஐரோப்பியத் தரம் 1385, உள்ளே பொறித்திருக்கும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைக் கொண்டு வருபவர்கள் உண்டு. அதன் உட்பஞ்சு தண்ணீரைக் குடித்துப் பாரமாகும். முகப்புப் பகுதி தண்ணீரை வாளிபோல ஏந்திக் கழுத்தை இழுக்கும். பின்பக்கம் தள்ளி நெற்றியைத் திறந்து விடுவது இன்னொரு பிழை. பார்க்க வடிவாக இருக்கும், முதலில் அடிபடுவதும் அந்த நெற்றிதான்.

*சப்பாத்து.* பிடிப்புள்ள அடியும் குதியை மூடும் அமைப்பும் வேண்டும். பாட்டா ஆற்றில் போய்விடும். கயிறு கட்டும் சப்பாத்தென்றால் முடிச்சின் வால் தொங்காமல் உள்ளே செருகுங்கள், படகின் கால்தாங்கியில் கொளுவிக்கொள்ளும்.

*இடுப்புப் பாவாடை.* உங்கள் இடுப்பிலிருந்து படகின் வாய்வரை, அதாவது நீங்கள் இருக்கும் துளையின் விளிம்புவரை, மூடித் தண்ணீர் புகாமல் தடுக்கும் நியோப்பிரீன் மூடி இது. இரண்டு அளவு பார்க்க வேண்டும்: உங்கள் இடுப்பு, படகின் வாய். புதிது மிகவும் இறுக்கமாக இருக்கும். நனைத்துப் படகில் பூட்டி ஓர் இரவு விட்டால் கொஞ்சம் இளகும். முன்னால் உள்ள இழுப்புப் பட்டி எப்போதும் வெளியே தெரிய வேண்டும். அவசரத்தில் அது உள்ளே மாட்டிக்கொண்டால் படகிலிருந்து வெளியே வர வழி தேட வேண்டியிருக்கும். பூட்டும்போது முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம், பிறகு விளிம்புகள். கடைசியில் பட்டியைத் தொட்டுப் பார்த்து, பக்கத்திலிருப்பவருக்குக் காட்டுங்கள். இந்தக் காட்டுதலை நான் எவருக்கும் தள்ளுபடி செய்வதில்லை.

*துடுப்பு.* ஆற்றுக்கு 190 முதல் 200 சென்ரிமீற்றர் போதும். சுற்றுலா இடங்களில் கொடுக்கும் 220க்கு மேற்பட்ட துடுப்பு நேராகப் போவதற்கானது, பாறைகளுக்கிடையே சட்டென்று திருப்ப உதவாது. தலைக்கு மேலே பிடித்துப் பாருங்கள், முழங்கை செங்கோணமாக மடிய வேண்டும். பழக அலுமினியத் தண்டு போதும். விலைகூடிய காபன் துடுப்பை முதல் பருவத்திலேயே பாறையில் உடைப்பதில் என்ன இருக்கிறது?

*எறிகயிறு, விசில், கத்தி.* எறிகயிறு என்பது தண்ணீரில் விழுந்தவருக்கு எறிய, பையில் அடைத்த 15 முதல் 20 மீற்றர் மிதக்கும் பொலிபுரொப்பிலீன் கயிறு. மீன்பிடிச் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் நைலோன் கயிறு தாழும், மெல்லியதென்றால் கையையும் அறுக்கும். கயிறு வைத்திருப்பவர் எவரும் ஒரு கையால் எடுக்கக்கூடிய கத்தியும் வைத்திருக்க வேண்டும், சிக்கினால் அறுக்க. விசிலில் உள்ளே உருளும் குண்டு இல்லாத வகை நல்லது.

*படகு.* இப்போதுதான் இதற்கு வருகிறோம். ஆற்றுக் கயாக் பொலிஎதிலீனால் செய்தது, 2.4 முதல் 2.8 மீற்றர் நீளம். மேலே இருந்து ஓட்டும் தட்டையான கயாக் ஆற்றுக்கு வேண்டாம். குட்டையான விளையாட்டுப் படகும் புதியவருக்கு வேண்டாம், அது எளிதில் மூழ்கும். உற்பத்தியாளர் எடை வரம்பு கொடுத்திருப்பார். நீங்களும் உங்கள் சாமானும் சேர்ந்து அந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும்.

பழைய படகென்றால் இருக்கைக்கு அடியைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு முதலில் அங்கேதான் வரும். பிளாஸ்டிக் வெளிறிச் சுண்ணாம்புபோலக் கையில் ஒட்டினால் வெயில் தின்றுவிட்டது, விட்டுவிடுங்கள். பிடிகயிறுகள், தொடைத்தாங்கித் திருகாணிகள், வடிகால் மூடி எல்லாம் இறுக்கமா என்று பாருங்கள்.

படகின் பின்பாகத்தில் காற்றுப்பைகள் அவசியம். அவை இல்லாமல் படகு நிரம்பினால் 200 லீற்றருக்கு மேல் தண்ணீர் ஏறும், அதாவது 200 கிலோவுக்கு மேல் பாரம். ஓடும் ஆற்றில் அந்தப் பாரத்தை எவராலும் நிறுத்த முடியாது.

இருந்து பார்க்கும்போது பாதம் தாங்கியில் பட வேண்டும், முழங்கால் தொடைத்தாங்கிக்குள் இறுக வேண்டும், இடுப்பு ஆடக்கூடாது. அதே நேரம் கால்களைத் தளர்த்தியவுடன் வழுக்கி வெளியே வர வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் சரியான பொருத்தம்.

4. தடாகத்தில்: கவிழ்ந்து வெளியே வருதல்

துடுப்பு வீசப் பழகும் முன் இதைச் செய்யுங்கள். கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வர நம்பிக்கை இல்லாதவர் கவிழ்வதற்கே பயப்படுவார். பயந்தவரின் உடல் விறைக்கும். விறைத்த உடலோடு படகு எப்போதும் கவிழும்.

நீச்சல் தடாகத்தில், நெஞ்சளவு தண்ணீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, முதலில் இடுப்புப் பாவாடை இல்லாமல் செய்யுங்கள். கவிழ்ந்ததும் முன்னால் குனிந்து நெற்றியைப் படகின் முகப்பை நோக்கிக் கொண்டுபோங்கள். ஆற்றில் அந்தக் குனிதல் முகத்தைப் பாறையிலிருந்து காக்கும். பின்னால் சாய்ந்தால் முகம்தான் முதலில் அடிபடும். படகின் வயிற்றை மூன்று முறை கையால் தட்டுங்கள். தட்டுவது அவசரத்தை அடக்கும். பிறகு இரு கைகளையும் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, காற்சட்டை கழற்றுவதுபோலப் படகைத் தள்ளி வெளியே வாருங்கள்.

அது இலகுவானபின் பாவாடை பூட்டிச் செய்யுங்கள். பட்டியை முன்னால் தள்ளி மேலே இழுக்க வேண்டும். வெறுமனே தன்பக்கம் இழுப்பவருக்குக் கழராது.

இங்கேதான் எங்கள் பழக்கத்தை உடைக்கத் தொடங்க வேண்டும். வெளியே வந்ததும் நிற்கக்கூடாது, தடாகத்தில் கால் எட்டினாலும்கூட. மல்லாந்து மிதந்து, கால் விரல்களைத் தண்ணீருக்கு மேலே தெரியவிட்டு, ஒரு கையில் படகையும் துடுப்பையும் பிடித்தபடி கரைக்கு நீந்துங்கள். நின்றால் மறுபடி செய்ய வேண்டும். பெடியள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

5. கடல்நீரேரியில்: சமநிலை, துடுப்பு, ரோல்

இடத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். இறங்கும் முன் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிறகுவலை எங்கே கட்டியிருக்கிறது, எந்த நேரம் வள்ளங்கள் வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வலையில் ஏறினால் அவர்களின் அன்றைய வருமானம் போகும், உங்களுக்கும் சிக்கல்.

வலைக்கம்புகளைத் தூரத்திலேயே கண்டு விலகப் பழகுவது ஆற்றுக்கும் உதவும். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரக்கிளைகள் இதே வேலையைச் செய்யும். தண்ணீரைப் போகவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

பாலங்களின் மதகுகளுக்குப் பக்கத்தில் பழக வேண்டாம். தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுகள் திறந்திருக்கும்போது அதன் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் வேண்டவே வேண்டாம். அணையின் கீழே உருளும் தண்ணீர் பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே போன ஆளையும் படகையும் சுழற்றிச் சுழற்றி மேல்நோக்கித் திருப்பி இழுத்துக்கொண்டே இருக்கும்.

முதல் வேலை இடுப்பசைவு. கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்தும் ரோலுக்கு அடிப்படை இதுதான். கரையில் நிற்பவரின் கையையோ இன்னொரு படகின் முனையையோ பிடித்து, தலையைக் கையில் சாய்த்து, இடுப்பால் படகை நிமிர்த்துங்கள். தலை கடைசியில்தான் எழும்ப வேண்டும். எல்லோரும் மூச்செடுக்க அவசரப்பட்டுத் தலையை முதலில் தூக்குவார்கள். தலையின் பாரம் படகைத் திரும்பவும் கவிழ்க்கும். ரோல் வராத பத்துப் பேரில் பெரும்பாலானோருக்கு இதுதான் காரணம், துடுப்பில் பிழை தேடிப் பயனில்லை.

ரோல் பழக நெஞ்சளவுக்குக் குறையாத ஆழம் பாருங்கள். ஆழம் குறைந்தால் தலையும் துடுப்பும் அடித்தளத்தில் மோதும். எங்கள் கரைகளில் அடியில் முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் இருக்கும், தலைக்கவசம் கட்டாயம்.

துடுப்பில் மூன்று வீச்சு முதலில் போதும்: முன்னோக்கி இழுப்பது, அகன்ற வளைவாக வீசித் திருப்புவது, பின்னோக்கி வீசி நிறுத்துவது. கையை மட்டும் பாவிக்காமல் இடுப்புக்கு மேல் உடம்பைச் சுழற்றுங்கள். முழங்கையைத் தோளுக்கு மேலே உயர்த்தித் துடுப்பில் சாயாதீர்கள். தோள் விலகும் வழி அதுதான்.

சமநிலைக்கு ஒரு பயிற்சி: படகை ஒரு பக்க விளிம்பில் சாய்த்து, உடம்பை நேராக வைத்து, அப்படியே முன்னே ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் வர வேண்டும். ஆற்றின் எல்லாத் திருப்பமும் இதில்தான் நிற்கிறது.

6. எறிகயிற்றை மைதானத்தில் பழகுங்கள்

பள்ளிக்கூட மைதானம் போதும். ஒருவர் நடந்து போகட்டும், நீங்கள் எறியுங்கள். கயிற்றின் நுனியைக் கையில் பிடித்து, பேரைச் சத்தமாகக் கூப்பிட்டு, ஆள் திரும்பிப் பார்த்த பிறகு, பையை அவரைத் தாண்டி விழும்படி எறிய வேண்டும். பை ஆளின் முன்னால் குறைந்து விழுந்தால் கயிறு எட்டாது. தாண்டி விழுந்தால் கயிறு அவர்மேல் படியும்.

ஆள் பிடித்ததும் உட்கார்ந்துவிடுங்கள், இழுவை உங்களைத் தள்ளிவிடும். கயிறு ஆளைக் கீழ்ப்பக்கக் கரைக்கு ஊஞ்சல்போல வீசும். அதனால் எறிய நிற்கும் இடத்துக்குக் கீழே பாறையோ மரமோ இல்லாமல் இருக்க வேண்டும். தண்ணீரில் இருப்பவர் கயிற்றைத் தோளுக்கு மேலாக வைத்து நெஞ்சில் பிடித்து மல்லாந்து கிடக்க வேண்டும். கையில் சுற்றவே கூடாது, எவரும், எக்காரணம் கொண்டும். முதல் எறி தவறினால் பையைத் திருப்பி அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கயிற்றைச் சுருட்டி உடனே எறியுங்கள்.

7. கித்துல்கலவுக்குப் போவது

கயாக்கை பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. சொந்த வாகனம் இல்லாதவர் உங்கள் அங்கி, தலைக்கவசம், பாவாடையை மட்டும் கொண்டுபோய் அங்கே படகு எடுக்கலாம். அங்குள்ள ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் ரப்பர் படகு ஓட்டுபவர்கள். தனி ஆள் கயாக் இருக்கிறதா, வழிகாட்டி கூட வருவாரா, பாவாடைக்குப் படகின் வாய் அளவு என்ன என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள்.

வாகனத்தில் என்றால் ஏ9 வழியாகக் கண்டி, பிறகு கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக இறங்கலாம். கொழும்பு வழியே போகிறவர் அவிசாவளை, எட்டியாந்தோட்டை வழியாக ஏ7 வீதியில் வருவார். படகைக் கூரையில் பட்டையான பட்டிகள் இரண்டால் கட்டி, முன்முனையை வாகனத்தின் முன்னாலும் கட்டுங்கள். இறப்பர்க் கயிறு வேண்டாம், இழுபட்டு விடும். வெயிலில் பட்டியை மிகையாக இறுக்கினால் பிளாஸ்டிக் நெளியும். தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தும்போது கட்டை மறுபடி பாருங்கள்.

கித்துல்கலவில் வழிகாட்டிகள் பேசுவது சிங்களம். மேலே கினிகத்தேனைப் பக்கமும் எட்டியாந்தோட்டைப் பக்கமும் தோட்டங்களில் நம் மலையக மக்கள் இருக்கிறார்கள், மேலே மழை எப்படி என்று தமிழிலேயே கேட்டுவிடலாம். ஆற்றில் பேச்சு கேட்காது என்பதால் சைகைகளைக் கரையிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால் வழி சரி, வாருங்கள். படுக்கையாகப் பிடித்தால் நில்லுங்கள். ஒரு விசில் என்றால் இங்கே பாருங்கள், மூன்று என்றால் ஆபத்து. தலையில் தட்டினால் எனக்கு ஒன்றுமில்லை.

8. முதல் நாள் படகில்லாமல் இறங்குங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டப் பார்ப்பார்கள். இவ்வளவு தூரம் வந்து நீந்துவதா என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் படகில் ஓடும் ஆறும் உடம்பால் உணரும் ஆறும் ஒன்றில்லை.

முழு உடுப்போடு, கீழே அமைதியான குளம்போன்ற பகுதி உள்ள சிறு ஓட்டத்தில், கயிற்றோடு ஒருவர் கரையில் நிற்க, மல்லாந்து போங்கள். பாதம் முன்னே, விரல்கள் தண்ணீருக்கு மேலே, முதுகு தட்டையாக. பாறை வந்தால் பாதத்தால் உதையுங்கள். கரையை அடையப் போகிறபோது குப்புறத் திரும்பி, வேகமாகக் குறுக்கே நீந்துங்கள்.

எழும்பி நிற்கக்கூடாது என்பதற்குக் காரணம் இது. ஆற்றடியில் பாறைகளுக்கிடையே இடுக்குகள் உண்டு. நிற்கும் கால் அதில் நுழைந்தால், பின்னாலிருந்து வரும் நீர் உடம்பை முன்னே தள்ளிக் கவிழ்க்கும். கால் மேலே வராது. முழங்காலுக்கு மேற்பட்ட ஓட்டத்திலேயே இது நடக்கும். தண்ணீர் அசையாமல் இருக்கும் இடத்துக்கு வந்து, கை தரையில் பட்ட பிறகே எழும்புங்கள்.

மரம் விழுந்து தடுத்தால் மட்டும் விதி மாறும். அப்போது தலையை முன்னே வைத்துக் குப்புற வேகமாக நீந்தி, தாக்கும் கணத்தில் மரத்தின்மேல் ஏற வேண்டும். அடியால் போகப் பார்த்தால் கிளைகள் பிடித்துக்கொள்ளும்.

9. எடியிலிருந்து எடிக்கு

பாறைக்குப் பின்னால் தண்ணீர் மெதுவாக மேல்நோக்கி, அதாவது ஆறு வரும் பக்கமாக, திரும்பும் இடத்தைக் கயாக் ஓட்டுபவர்கள் எடி என்பார்கள். ஆற்றில் நிறுத்தமிடம் அதுதான். ஆற்றை ஒரே மூச்சில் ஓடித் தீர்க்காமல், ஓர் எடியிலிருந்து அடுத்த எடியைக் கண்டு, அதற்கு மட்டும் போவது முறை.

தண்ணீரைப் படியுங்கள். கீழ்நோக்கிக் கூராகும் வழுவழுப்பான நாக்கு திறந்த வழியைக் காட்டும். மேல்நோக்கிக் கூராக நிற்கும் அலை அதன் உச்சியில் பாறை இருப்பதைச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத திருப்பம் வந்தால் இறங்கிக் கரையால் நடந்து பாருங்கள்.

எடியிலிருந்து ஓட்டத்துக்குள் வரும்போது, முனையை மேல்நோக்கிச் சற்றுக் கோணமாக வைத்து, வேகம் எடுத்து, எல்லைக்கோட்டைத் தாண்டும் கணத்தில் படகைக் கீழ்ப்பக்கம் சாய்க்க வேண்டும். மேல்விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும் என்பதே பொருள். ஓட்டத்தைப் பார்த்துப் பயந்து மேல்பக்கம் சாய்பவரை ஆறு ஒரே தட்டில் கவிழ்க்கும். ஆற்றில் முதல்நாள் விழும் விழுகைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான்.

குறுக்கே கடக்க, முனை மேல்நோக்கி, கோணம் சிறிதாக, கீழ்ப்பக்கம் சாய்ந்து, துடுப்பை நிறுத்தாமல் போங்கள். கோணம் பெரிதானால் ஆறு படகைத் திருப்பிக் கீழே கொண்டுபோகும்.

ரப்பர் படகுகள் வழக்கமாக ஓடும் பகுதி இரண்டாம், மூன்றாம் தரம். சர்வதேச அளவுகோல் ஒன்றிலிருந்து ஆறு வரை. இரண்டாம் தரத்தில் எடி எல்லாவற்றையும் இரு பக்கமும் பிடிக்க வந்த பிறகே மூன்றைப் பாருங்கள். ரப்பர் படகில் மூன்றாம் தரம் சிரித்துக்கொண்டு போனதைக் கயாக்குக்குக் கணக்கெடுக்க வேண்டாம். மதுவெறியில் குளிக்க வரும் கூட்டம் விடுமுறை நாளில் அங்கே நிறைய. காலையில் நேரத்தோடு ஓடி முடித்துவிடுங்கள்.

10. தண்ணீர் ஏறினால்

இந்த ஆற்றுக்கு மேலே காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களும், விமலசுரேந்திர, லக்ஷபான, பொல்பிட்டிய மின்னிலையங்களும் இருக்கின்றன. மழையில்லாத நாளிலும் மின்னிலையம் நீர் விட்டால் மட்டம் ஏறும். அன்று எப்போது நீர் விடுவார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்காமல் இறங்கக்கூடாது.

கரையில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் அது நனைந்து நின்றால் மட்டம் ஏறுகிறது. தண்ணீர் திடீரென மண்ணிறமாகி இலை, கிளை வரத் தொடங்கினால் அந்தக் கணமே கரையேறுங்கள், அக்கரையிலுள்ள வாகனத்தை யோசிக்காதீர்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் கித்துல்கல அளவுமானியின் மட்டத்தை வெளியிடுகிறது. கேகாலைக்கு மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990.

11. விழாக்களும் போட்டிகளும்

எங்களுக்குக் கிட்டிய பெரிய விழா கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் நடக்கும் மலபார் ஆற்றுத் திருவிழா. 2013இல் தொடங்கியது. தென்மேல் பருவமழையில், ஜூலை ஓகஸ்ட் காலத்தில், சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆறுகளில் நடக்கும். கங்கையில் ரிஷிகேசத்தில் நடக்கும் கயாக் விழா பிப்ரவரி மார்ச்சில் வருவது, தண்ணீர் மிகக் குளிர்.

முதல் தடவை பார்வையாளராகப் போங்கள். மழைக்கால ஆறு கித்துல்கலவின் சித்திரை ஆறுபோல இருக்காது. பார்க்கும்போது எந்த ஓட்டுநர் எங்கே எடி பிடிக்கிறார் என்று கவனியுங்கள், அலையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தொங்கும் கம்புகளுக்கிடையே நேரக்கணக்கில் ஓடும் சிலாலம் போட்டியில் பச்சைக் கம்புக்கிடையே ஆற்றோடும், சிவப்புக் கம்புக்கிடையே எதிராகவும் போக வேண்டும். கம்பைத் தொட்டால் 2 வினாடி, தவறவிட்டால் 50 வினாடி தண்டம். பல படகுகள் ஒன்றாகக் குதித்து முந்தும் கயாக் குறொஸ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

விசாவுக்கு யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் உண்டு. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து கோழிக்கோட்டுக்கு ரயில். போட்டியிடப் போகிறவர் அறிவிப்பில் உள்ள பிரிவுகளையும் சாமான் நிபந்தனைகளையும் பணம் கட்டும் முன் வாசியுங்கள்.

12. திரும்பி வந்த பிறகு

கடல்நீரேரியில் ஓட்டிய சாமானை அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சவர்க் கிணற்றுத் தண்ணீர் போதாது, உப்பு பூட்டுகளையும் திருகாணிகளையும் தின்னும். அங்கியையும் பாவாடையையும் நிழலில் காயவிடுங்கள். படகைக் கிடுகுக் கொட்டிலுக்குள், விளிம்பில் சாய்த்து வையுங்கள். வயிறு தரையில் பட நாள்கணக்கில் கிடந்தால் குழிவிழும். அடுத்த தடவை ஏறும் முன் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மட்டத்தேளுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

ஆற்றுக்கரைக் காடுகளில் அட்டை கடிக்கும், அது பெரிய விடயமில்லை. எலிக்காய்ச்சல் பெரிய விடயம். ஆற்றுத் தண்ணீர் கீறல் வழியாகவும் வாய், கண் வழியாகவும் நோயைக் கொண்டுவரலாம். கையில் காலில் புண் இருந்தால் நீர்புகாத பிளாஸ்டர் ஒட்டி இறங்குங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று போகுமுன் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், தானாக வாங்கி விழுங்க வேண்டாம்.

காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் வரும், ஒரு மாதம் வரையும் போகலாம். தலையிடியும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், களனி கங்கையில் இறங்கினேன் என்று டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவைத்தான் முதலில் தேடுவார்கள்.